ஒன்று இருக்கிறதா, பார்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய போட்டோவை அம்மாவின் போனில் பெரிதாக்கிப் பார்த்தேன். மான்செஸ்டரில் பழைய சாமான் கடையில் ஹாரி பாட்டர் முதல் புத்தகம், கெட்டி அட்டை, உள்ளே 1997 என்று போட்டிருக்கிறது, நமக்கு அதிர்ஷ்டமா என்று கேட்டிருக்கிறாய். அவசரப்படாதே. முதல் அச்சாக இருந்தால்தான் அதிர்ஷ்டம். 1997 என்பது காப்புரிமை வருடம். எத்தனை முறை திருப்பி அடித்தாலும் அப்படியேதான் நிற்கும்.

அதே பக்கத்தில் பொடியாக ஓர் எண் வரிசை இருக்கிறது பார். உன் போட்டோவில் 20இல் தொடங்கி 11இல் முடிகிறது. அதாவது பதினோராவது அச்சு. முதல் அச்சில் 10 9 8 என்று இறங்கி 1 வரை வரும். லாங் பஜார் அச்சகத்தில் காலம் தள்ளியவனுக்கு இந்த ஏற்பாடு உடனே புரியும். தயாரான பிளேட்டில் புதிதாக ஓர் எழுத்தைச் சேர்ப்பது பெரிய வேலை. இருப்பதைச் சுரண்டி எடுப்பது சுலபம். அதனால் எண்களை முதலிலேயே போட்டுவிட்டு, ஒவ்வொரு மறு அச்சுக்கும் ஒன்றை அழித்துக்கொண்டே போவார்கள். மிச்சத்தில் எது சின்ன எண்ணோ அதுதான் கணக்கு. எல்லாரும் இப்படியில்லை. அமெரிக்காவின் ராண்டம் ஹவுஸ் வெகுகாலம் ‘முதல் பதிப்பு’ என்று எழுதி, வரிசையை 2இல் முடித்தது. மறு அச்சில் அந்தச் சொற்கள் போய்விடும்.

நீ தேடும் புத்தகத்தின் முதல் அச்சில் கெட்டி அட்டைப் பிரதிகள் வெறும் 500. அதிலும் 300 நூலகங்களுக்குப் போயின. ஆகவே நூலக முத்திரை கண்டதும் தூக்கிப் போட்டுவிடாதே. (நம் பரணில் ‘வட ஆற்காடு மாவட்டம்’ என்ற முத்திரையோடு கிடக்கும் புத்தகங்களை நினைத்துக்கொள்ளாதே. முத்திரையின் வயது வேறு, பதிப்பின் வயது வேறு.) அந்த முதல் அச்சில், 53ஆம் பக்கத்தில் வரும் பள்ளிச் சாமான் பட்டியலில் ஒரே மந்திரக்கோல் இரண்டு முறை வரும், பின்னட்டையில் தலைப்பிலேயே ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கும். புரூஃப் பார்த்தவர் தூங்கிவிட்டார் போல! ஆனால் எண் வரிசையை விட்டுவிட்டுப் பிழையை மட்டும் நம்பி இறங்காதே.

இன்னும் பழைய புத்தகமென்றால் மேலுறையில்தான் விஷயம். 1937இல் வந்த டோல்கீனின் ‘ஹாபிட்’ கதைப் புத்தகம் முதல் அச்சில் 1,500 பிரதிதான். அதன் உறையில் டாட்ஜ்சன் (ஆலிஸ் கதை எழுதிய லூயிஸ் கரோலின் நிஜப் பெயர்) என்ற பெயரில் ஆங்கில ‘e’ எழுத்து ஒன்று கூடுதலாக விழுந்துவிட, அதைக் கையாலேயே மையால் அடித்துத் திருத்தினார்கள். 1963இல் வந்த மாரிஸ் செண்டாக்கின் ‘வேர் த வைல்ட் திங்ஸ் ஆர்’ படப் புத்தகத்துக்கு மறு வருடம் கால்டிகாட் பதக்கம் (அமெரிக்காவில் குழந்தைகள் படப் புத்தகத்துக்குத் தரும் பரிசு) கிடைத்தது. உறையிலேயே பதக்கம் அச்சாகியிருந்தால் அது பிந்தியது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். உறையின் மடிப்பில் விலை இருக்கிறதா என்றும் பார். உறுப்பினர்களுக்கென்று மலிவாக அடித்துத் தரும் புத்தகக் கிளப்புக்காரர்களின் பதிப்பில் பெரும்பாலும் விலை இருக்காது.

அப்புறம், உறை கிழிந்திருந்தால் செல்லோடேப் ஒட்டாதே, புது பைண்டிங்கும் போடாதே. நான் ஆயிரம் புத்தகத்துக்கு பைண்டிங் போட்டவன்தான், ஆனால் இந்த விஷயத்தில் கிழிசலுக்கே மதிப்பு அதிகம்.

அந்தப் பதினோராவது அச்சை இரண்டு பவுண்டுக்குத் தருகிறார்கள் என்றால் வாங்கிவிடு, பேரனுக்குப் படிக்க ஆகும். மேலே ஒரு பைசா கொடுக்காதே.

அப்பா,
வேலூர்