கம்பியிலிருந்து வரும் அழுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் தாமான் குடியிருப்புகளிலும் தோட்ட லயங்களிலும் தண்ணீர் வடிகட்டி விற்பவர்கள் வீடு வீடாக ஏறி இறங்குகிறார்கள். விற்கட்டும், அவரவர் பிழைப்பு. ஆனால் விற்பதற்கு ஒரு வித்தை காட்டுகிறார்களே, அதைப் பற்றி யாராவது எழுதத்தான் வேண்டும்.

இரண்டு கிளாஸ். ஒன்றில் நம் வீட்டுக் குழாய்த் தண்ணீர், மற்றதில் அவர்கள் கொண்டுவந்த வடிகட்டிய தண்ணீர். கம்பிகள் வைத்த ஒரு கருவியை இரண்டிலும் இறக்கி சுவிட்சைத் தட்டினால் நம் தண்ணீர் பச்சையும் பழுப்புமாகக் கலங்கிப்போகும், அவர்களுடையது பளிச்சென்று அப்படியே இருக்கும். "பாருங்கம்மா, இதைத்தான் பேரப்பிள்ளைக்குக் கொடுக்கிறீங்க" என்றதும் பாட்டிமார் பதறிப்போய்த் தவணைப் பாரத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். அந்த அழுக்கு தண்ணீரில் இருந்ததே இல்லை. குழாய்த் தண்ணீரில் இயல்பாகவே இருக்கும் கால்சியம், மக்னீசியம் போன்ற உப்புகளால் மின்சாரம் பாய்கிறது, இரும்புக் கம்பி கரைந்து துருவாகக் கலங்குகிறது, அவ்வளவுதான். உப்பு நீக்கிய தண்ணீரில் மின்சாரம் அவ்வளவாகப் பாயாது. நம்பாவிட்டால் அவர்கள் கிளாஸில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு மறுபடி சுவிட்சைத் தட்டச் சொல்லுங்கள், அதுவும் கலங்கும். (போட விடமாட்டார்கள் என்பது வேறு விஷயம்.)

அதற்காக நம் தண்ணீரில் கவலைப்பட ஒன்றுமே இல்லை என்று சொல்லவரவில்லை. தண்ணீர் வெட்டு முடிந்து திறந்ததும் பழுப்பாக வருவது பெரும்பாலும் பழைய குழாயின் இரும்புத் துருவும் மாங்கனீசுப் படிவும்தான். நம் மலேசியத் தரப்படி இரும்பு லிட்டருக்கு 0.3 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது; அந்த அளவு முக்கியமாக நிறத்துக்கும் ருசிக்கும் கறைக்குமானது. பள்ளிச் சட்டை பாழாகும், தேத்தண்ணி ருசி கெடும், குழாயைக் கொஞ்ச நேரம் திறந்துவிட்டால் தெளியும். கண்ணுக்குத் தெரியாததுதான் எனக்கு அதிகப் பயம். மலம் கலந்ததைக் காட்டும் ஈ.கோலை கிருமி 100 மில்லிலிட்டரில் ஒன்றுகூட இருக்கக்கூடாது. அதைத் தடுக்கத்தான் குழாயில் வரும்வரை லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிச்சமிருக்க வேண்டும் என்கிறார்கள், ஆனால் நம் வீட்டுக் கூரை டேங்கியில் வருடக்கணக்கில் படிந்த சேறு அந்தக் குளோரினைத் தின்றுவிடும். மூடி உடைந்த டேங்கியில் டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவும் முட்டையிடும். டேங்கியைக் கழுவ ஆகும் செலவு வடிகட்டியின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

அப்புறம் அந்த வடிகட்டி. அது வெறும் கரி வடிகட்டியாக இருந்தால் குளோரினைப் பிடித்துவிடும், உரத்திலிருந்து வரும் நைட்ரேட்டைப் பிடிக்காது. உள்ளே இருப்பதை நேரத்துக்கு மாற்றாமல் விட்டால் கிருமி அதிலேயே பெருகும்.

இன்னமும் கிணற்றையோ ஓடையையோ நம்பியிருக்கும் லயங்களின் நிலைமை வேறு. செம்பனைக்கு (எண்ணெய்ப் பனைக்கு) உரம் போட்டபின் மழை கொட்டினால் நைட்ரேட் நிலத்தடி நீரில் இறங்கும். கைக்குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் பால் மாவு கலக்குவது ஆபத்து, இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் உடம்பு நீலம் பாய்ந்துவிடும். காய்ச்சினால் கிருமிதான் சாகும், தண்ணீர் வற்ற வற்ற நைட்ரேட்டின் அடர்த்தி கூடத்தான் செய்யும். தோட்ட வீடுகளுக்குப் போதுமான குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தரவேண்டியது முதலாளியின் கடமை என்று தொழிலாளர் வீட்டு வசதிக்கான 1990ஆம் ஆண்டின் 446ஆவது சட்டம் சொல்கிறது. அதைக் கேட்பதை விட்டுவிட்டு ஆயிரக்கணக்கான ரிங்கிட் கொடுத்து வடிகட்டி வாங்குவது என்ன நியாயம்?

சுகாதார அமைச்சு 1983லிருந்து குடிநீர்த் தரத்தைக் கண்காணித்து வருகிறது. எங்கள் வட்டார முடிவுகளை மாதா மாதம் கோவில், பள்ளி, தோட்ட அலுவலக அறிவிப்புப் பலகைகளில் தமிழிலும் ஒட்டினால் போதும். சட்டமன்ற உறுப்பினர் இதைக் கேட்டு வாங்கித் தரவேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்.