நெகட்டிவ் என்றால் என்னவென்று எழுதிக் கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆய்வுக் குழுவினருக்கு,

வணக்கம். ஆடி மழையில் எங்கள் பந்தலூர் பக்கத்து தேயிலை எஸ்டேட் லைன் வீடுகளிலிருந்து தொழுநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்களைக் கூடலூருக்கு வரவழைத்து, முன்கையில் லெப்ரோமின் என்ற சோதனை ஊசி போட்டீர்களே, அதில் என் அம்மாவும் ஒருவர். முடிவு கேட்டு இரண்டு முறை வந்தும் கிடைக்காததால் இந்த மடல்.

ஊசி போட ஒரு நாள், 48 மணி நேரம் கழித்துப் பார்க்க ஒரு நாள், நாலாவது வாரம் இன்னொரு நாள். மூன்று நாள் சம்பளம் போனது போகட்டும். அம்மாவுக்கு இரண்டு பாதத்திலும் உணர்ச்சி கிடையாது. மூன்றாம் முறை பஸ்ஸுக்கு இறங்கி நடக்கையில் எம்.சி.ஆர். செருப்புக்குள் (உணர்ச்சியில்லாத பாதத்துக்கென்று கொடுக்கும் மெத்தென்ற ரப்பர் செருப்பு) ஒரு சின்னக் கல் புகுந்திருக்கிறது. அவருக்குத் தெரியவில்லை. அதோடேயே கூடலூர் போய், பெஞ்சில் காத்திருந்து, இருட்டிய பிறகு வீடு வந்து செருப்பைக் கழற்றினால் உள்ளே ரத்தம். தீபாவளி வந்துவிட்டது, புண் ஆறவில்லை.

அங்கே ஒருவர் கையைத் தடவி, ஸ்கேலை வைத்துப் பார்த்து, பக்கத்தில் இருந்தவரிடம் "நெகட்டிவ்" என்றாராம். "நீங்க போலாம்மா." அவ்வளவுதான்.

கொரோனாவில் நெகட்டிவ் என்றால் நோய் இல்லை என்று லைன் முழுக்கப் பாடம் படித்தவர்கள் நாங்கள். அம்மா அக்கம்பக்கம் எல்லாருக்கும் கேசரி கிண்டிக் கொடுத்தார். மாத்திரை அட்டை அரிசிப் பானைக்குப் பின்னால் போய்விட்டது. முகத்தைக் கறுக்க வைக்கும் க்ளோஃபாசிமின் மாத்திரையை நிறுத்த வேறு சாக்கு வேண்டுமா? 12 மாதக் கூட்டு மருந்தில் அது எட்டாவது மாதம்.

செவிலியர் அக்கா வந்து சொன்னபோதுதான் தெரிந்தது: இந்தச் சோதனையில் நெகட்டிவ் என்றால் கிருமி இல்லை என்று அர்த்தமில்லை, கிருமியை எதிர்த்து உடம்பு கிளம்பவில்லை என்று அர்த்தம். கிருமி அதிகம் உள்ள வகையில்தான் அப்படி வருமாம். நோயே இல்லாதவர்களுக்குக்கூட பாசிட்டிவ் வருமாம். இதைச் சொல்ல உங்களுக்கு ஒரு நிமிடம் ஆகியிருக்குமா? முடிவை எழுதிக் கொடுங்கள் என்று கேட்பது பெரிய ஆசையா?

2005 கடைசியிலேயே நாட்டில் இந்த நோய் பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் கீழே வந்துவிட்டது என்று அறிவித்தார்கள். சந்தோஷம். அந்த ஒருவருக்கும் கீழே இருப்பவர்தான் எங்கள் வீட்டில் காலுக்குக் கட்டுப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். ஒழிந்த நோய்க்கு ஆய்வு மட்டும் ஒழியவில்லை.

வார்த்தை தடித்துவிட்டது, பொறுத்தருளுங்கள். கேட்பது இதுதான்: ஊசி போட்ட ஒவ்வொருவருக்கும் முடிவையும் அதன் பொருளையும் தமிழில் எழுதிக் கையில் கொடுங்கள். இனி அளக்க வேண்டுமென்றால் ஸ்கேலோடு நீங்கள் லைனுக்கு வாருங்கள். ஜீப் வரும் பாதைதான். அம்மா மாத்திரையை மறுபடி சாப்பிடுகிறார். நடக்கக் கூடாது என்பதால் வீட்டில்தான் இருப்பார்.

இப்படிக்கு,
கொழுந்து பறிக்கும் ஒருவரின் மகள்