ஆன்லைன் பி.பி.ஏ., எம்.பி.ஏ.: பணம் கட்டும் முன் மணிக்கணக்கைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'வீட்டிலிருந்தே பி.பி.ஏ., வேலையை விடாமல் எம்.பி.ஏ.' என்ற விளம்பரம் இப்போது கைப்பேசியைத் திறந்தாலே வந்து விழுகிறது. நம் குமரி மாவட்டத்தில் இதற்குக் காது கொடுப்பவர்கள் பலர். நாகர்கோவில் ஜவுளிக்கடையில் பில் போடுகிற பெண், குலசேகரத்தில் ரப்பர் ஷீட் வியாபாரம் பார்க்கிறவர், துபாயிலும் தோஹாவிலும் ஸ்டோர் கீப்பராக இருந்துகொண்டு ஒரு படி மேலே போக நினைக்கிறவர் என்று எல்லோருக்கும் இந்தப் படிப்பு பயன்படக்கூடியதுதான். ஆனால் இது எத்தனை மணி நேரம் கேட்கும், மதிப்பெண் எங்கிருந்து வரும், எந்த இடத்தில் ஆள் கவிழ்வார் என்பதை விளம்பரம் சொல்வதில்லை. சேர்ந்து ஆறு மாதம் கழிந்த பிறகு தெரிந்து பயனில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் மணிக்கணக்கு. படிப்பின் கனத்தை அளக்கும் அலகு கிரெடிட். இக்னோ எனப்படும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் கணக்குப்படி ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேரப் படிப்பு. பாடம் வாசிப்பது, வீடியோ பார்ப்பது, அசைன்மென்ட் எழுதுவது எல்லாம் அதில் அடக்கம். அங்கே எம்.பி.ஏ. மொத்தம் 116 கிரெடிட். பெருக்கினால் 3,480 மணி நேரம். இரண்டு ஆண்டில் முடிக்க வேண்டுமானால் வாரத்துக்கு ஏறத்தாழ 33 மணி நேரம் வேண்டும். அதே படிப்பை முடிக்க 4 ஆண்டு வரை அவகாசம் உண்டு. அப்படி விரித்துப் படித்தால் வாரத்துக்கு 17 மணி நேரத்துக்குள் அடங்கும். காலை ஒன்பது முதல் இரவு எட்டு வரை கடையில் நிற்கிறவர் இரண்டு ஆண்டுக் கணக்கை நம்பிச் சேர்ந்தால் இரண்டாம் பருவத்திலேயே பாடம் குவிந்துவிடும். எந்தப் பல்கலைக்கழகமானாலும் 'அதிகபட்சம் எத்தனை ஆண்டுக்குள் முடிக்கலாம்' என்பதை முதல் கேள்வியாகக் கேளுங்கள். கட்டணத்தை அதன் பிறகு கேட்டால் போதும்.

அடுத்து அங்கீகாரம். தொலைநிலைக் கல்விக்கும் ஆன்லைன் கல்விக்கும் பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யு.ஜி.சி., 2020-ல் விதிமுறை வெளியிட்டது. அதன்படி அனுமதி பெற்று நடத்தும் ஆன்லைன் பட்டம், கல்லூரிக்கு நேரில் போய்ப் பெறும் பட்டத்துக்குச் சமம். இதில் பலர் கோட்டை விடுகிற இடம் ஒன்று உண்டு. பல்கலைக்கழகத்துக்கு ஒட்டுமொத்தமாக அனுமதி கொடுப்பதில்லை. படிப்பு வாரியாக, கல்வியாண்டு வாரியாகவே கொடுக்கிறார்கள். ஒரே பல்கலைக்கழகத்தில் பி.காமுக்கு அனுமதி இருக்கும், எம்.பி.ஏ.வுக்கு இருக்காது. தொலைநிலைப் பட்டியலில் பெயர் இருக்கும், ஆன்லைன் பட்டியலில் இருக்காது. யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பணியகம், அதாவது 'டெப்', தன் இணையதளத்தில் இந்தப் பட்டியலைப் போட்டிருக்கிறது. நீங்கள் சேரப்போகும் பருவத்தையும் படிப்பின் பெயரையும் அதில் நீங்களே பாருங்கள். ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் அனுப்பும் படத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

ஆன்லைன் பட்டத்தை வேறொருவருக்குக் கிளைபோல் குத்தகைக்கு விட்டு நடத்த விதிமுறை இடம் தரவில்லை. ஆகவே மாடிப்படி ஏறிப் போகும் ஓர் அறையில் 'எங்கள் சென்டரில் சேருங்கள், தேர்வையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்' என்று யாராவது சொன்னால் அங்கே உட்கார்ந்து பேச வேண்டிய அவசியமே இல்லை. 'ஒரே வருடத்தில் டிகிரி' என்பதும் அப்படித்தான். இளநிலைக்குப் பொதுவாக மூன்று ஆண்டும், முதுநிலைக்கு இரண்டு ஆண்டும் ஆகும்.

2024 செப்டம்பரிலிருந்து சேருகிறவர்களுக்கு 'டெப் ஐ.டி.' என்னும் மாணவர் அடையாள எண் கட்டாயம். அதற்கு முன்படி 'ஏ.பி.சி. ஐ.டி.', அதாவது மாணவரின் கிரெடிட்டுகளைச் சேர்த்து வைக்கும் கணக்கின் 12 இலக்க எண். டிஜிலாக்கரில் ஆதாரை வைத்து அதை எடுத்துக்கொண்டு, பிறகு டெப் தளத்தில் பதிய வேண்டும். பத்து நிமிட வேலைதான், ஆனால் நம் பக்கம் இரண்டு இடத்தில் தட்டுகிறது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஓர் எழுத்து இனிஷியல் இருக்கும். ஆதாரில் அதே இனிஷியல் தந்தையின் முழுப் பெயராக விரிந்திருக்கும். ஞானஸ்நானப் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலும் இரண்டிலும் ஒன்றுபோல் இருக்காது. இரண்டாவது, ஆதாரோடு இணைந்த கைப்பேசி எண் வெளிநாட்டில் இருக்கும் கணவரின் பழைய சிம்மாக இருக்கும், ஓ.டி.பி. யாருக்கோ போகும். சேர்க்கை முடியும் வாரத்தில் இ-சேவை மையத்தில் வரிசையில் நிற்பதைவிட, இரண்டு மாதம் முன்பே பெயரையும் எண்ணையும் சரிசெய்து வைப்பது நல்லது. இந்த ஐ.டி.யை உங்கள் கையால் உருவாக்குங்கள். ஏஜென்ட் தன் கைப்பேசியில் உருவாக்கினால் கடவுச்சொல்லும் அவரிடம்தான் இருக்கும்.

மதிப்பெண் எங்கிருந்து வருகிறது? பருவத்துக்குள் எழுதும் அசைன்மென்ட், வினாடிவினா போன்றவற்றுக்கு அதிகபட்சம் 30 விழுக்காடு, பருவ இறுதித் தேர்வுக்குக் குறைந்தது 70 விழுக்காடு. பாட நடவடிக்கைகளில் 75 விழுக்காடாவது பங்கேற்றிருந்தால்தான் இறுதித் தேர்வு எழுத விடுவார்கள். எத்தனை வீடியோ பார்த்தீர்கள், விவாதப் பகுதியில் எழுதினீர்களா என்பதெல்லாம் பதிவாகும். 'தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது உட்கார்ந்தால் போதும்' என்ற பழைய அஞ்சல்வழிக் கல்விப் பழக்கம் இங்கே செல்லாது. தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் படகுகளில் போகிறவர்கள் வாரக்கணக்கில் சிக்னலுக்கு வெளியே இருப்பார்கள். அவர்கள் சேர்வதற்கு முன், நேரலை வகுப்பைப் பதிவில் பார்த்தால் பங்கேற்பாகக் கணக்கிடுவார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். தேர்வு ஜூன் மாதத்தில் வந்தால் பாதகமில்லை; மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம், ஆள் கரையில்தான் இருப்பார். டிசம்பர் தேர்வுக்குத்தான் முன்கூட்டித் திட்டம் வேண்டும்.

பாடத்தில் ஆள் கவிழ்கிற இடத்துக்கு வருகிறேன். மார்க்கெட்டிங்கும் மனிதவள மேலாண்மையும் வாசித்தால் ஓடிவிடும். கணக்கியல், புள்ளியியல், செலவுக் கணக்கு ஆகிய மூன்றில்தான் அரியர் விழுகிறது. ஆசிரியர் திரையில் போடும்போது கணக்கு எளிதாகத் தெரியும். அந்தத் தெளிவு ஏமாற்றும், ஏனென்றால் பென்சிலைப் பிடித்திருப்பது அவர். வீடியோவை நடுவில் நிறுத்தி, தாளில் நீங்கள் போட்டுப் பார்த்து, அதன் பிறகு ஓடவிட்டு ஒப்பிட வேண்டும். ஒரு மணி நேர வீடியோ அப்படி மூன்று மணி நேரம் எடுக்கும். மேலே சொன்ன மணிக்கணக்கு அதற்காகத்தான்.

ஓர் உதாரணம். நேந்திரங்காய் சிப்ஸ் போடும் சிறு கடை என்று வைத்துக்கொள்வோம். வாடகை, சம்பளம் என மாதம் தவறாமல் போகும் நிலைச்செலவு 36,000 ரூபாய். ஒரு கிலோவுக்குக் காய், எண்ணெய், எரிவாயு, கவர் சேர்த்து 310 ரூபாய். விற்பது 400 ரூபாய். கிலோவுக்கு மிஞ்சுவது 90. முப்பத்தாறாயிரத்தை 90-ஆல் வகுத்தால் 400. மாதம் 400 கிலோ விற்றால் கையைக் கடிக்காது, அதற்கு மேல் விற்பதில்தான் லாபம். இப்போது காய் விலை ஏறிச் செலவு 340 ஆகிறது. மிச்சம் 60. பழைய விலையிலேயே விற்றால் 600 கிலோ விற்றாக வேண்டும். செலவு பத்தில் ஒரு பங்குகூட ஏறவில்லை, விற்க வேண்டிய அளவோ ஒன்றரை மடங்கு ஆகிவிட்டது. வணிகப் படிப்பு தருவது இந்தக் கண்ணைத்தான். தேர்விலும் இதே கணக்கு வரும். 'விலையை 10 ரூபாய் குறைத்தால் என்ன ஆகும்' என்று ஒரு வரியை மாற்றிக் கேட்பார்கள். சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்தவர் அங்கே திணறி நிற்பார்.

கைப்பேசியை வைத்தே முழுப் படிப்பையும் முடித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். வீடியோ பார்க்க அது போதும். எக்செல்லில் ஐம்பது வரிசை எண்ணை வைத்துச் சராசரியும் திட்ட விலக்கமும் எடுக்கக் கணினி வேண்டும். பழைய லேப்டாப் ஆனாலும் கேமராவும் மைக்கும் ஒழுங்காக இருக்க வேண்டும், ஏனென்றால் வீட்டிலிருந்து தேர்வு எழுதுவதென்றால் அதில்தான். நேரலை வகுப்பு ஒரு மணி நேரத்துக்கு அரை ஜிபிக்குக் குறையாமல் டேட்டா எடுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தினம் ஒன்றரை ஜிபி திட்டத்தில் வகுப்பும் பார்த்து, பிள்ளைகளுக்கும் ஹாட்ஸ்பாட் கொடுத்தால் இரவு ஒன்பதுக்குள் தீர்ந்துவிடும்.

சில பல்கலைக்கழகங்கள் தேர்வை மையத்தில் நேரில் வைக்கின்றன, சில வீட்டிலிருந்தே கேமரா கண்காணிப்பில் எழுத விடுகின்றன. வீடு என்றால் எளிது என்று எண்ணிவிடக் கூடாது. அடையாள அட்டையைக் காட்டி, கேமராவைச் சுழற்றி அறை முழுவதையும் காட்ட வேண்டும். அடுத்த அறையில் சீரியல் சத்தம் கேட்டாலும், யாராவது கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாலும், கண்காணிப்பு மென்பொருள் எச்சரிக்கைக் குறி போட்டுவிடலாம். முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் முகம் இருண்டு, ஆளை அடையாளம் காணாது. வெளிச்சம் முகத்தின் மேல் விழும்படி உட்காருங்கள். விண்டோஸ் அப்டேட்டை முந்தின நாளே முடித்துவிடுங்கள். மாதிரித் தேர்வு வைத்தால், அதே அறையில், அதே கணினியில், அதே நேரத்தில் எழுதிப் பாருங்கள்.

நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூனிலும் ஒரு மழை, அக்டோபர் தொடங்கி டிசம்பர் வரை இன்னொரு மழை. தேர்வும் பெரும்பாலும் அதே மாதங்களில்தான். 2017 நவம்பர் 30-ல் ஒக்கி அடித்தபோது நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ரவுட்டருக்கென்றே விற்கும் சிறிய 12 வோல்ட் யு.பி.எஸ். ஒன்று, முழுச் சார்ஜில் மூன்று மணி நேரம் தாங்குகிற லேப்டாப் பேட்டரி, வேறொரு நிறுவனத்தின் சிம் ஒன்று ஆகிய மூன்றும் தயாராக இருக்கட்டும். பேச்சிப்பாறை, கடையால் பக்கம் மலைச்சரிவில் வீடு என்றால், தேர்வு நாளில் சிக்னல் நன்றாக இருக்கும் உறவினர் வீட்டில் ஓர் அறையை முன்பே கேட்டு வையுங்கள். இணைப்பு அறுந்தால் உடனே திரையைப் படம் எடுத்து, நேரத்தைக் குறித்து, உதவி மையத்துக்கு அன்றே மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். மறுநாள் தொலைபேசியில் சொன்னால் ஆதாரம் எதுவும் கையில் இருக்காது.

பணம். மொத்தக் கட்டணத்தோடு தேர்வுக் கட்டணம், அரியர் கட்டணம், புராஜெக்ட் மதிப்பீட்டுக் கட்டணம், பட்டச் சான்றிதழ் கட்டணம் சேர்ந்ததா என்று பிரித்துக் கேளுங்கள். அங்கீகாரம் பெற்ற பட்டப் படிப்பின் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. ரசீதில் 18 விழுக்காடு வரி இருந்தால், நீங்கள் கட்டியது பட்டத்துக்கா அல்லது நடுவில் நிற்கும் நிறுவனத்தின் 'வழிகாட்டல் சேவை'க்கா என்று கேட்க வேண்டும். 'வட்டியில்லாத் தவணை' என்று சொல்லி ஓ.டி.பி. கேட்டால், பெரும்பாலும் உங்கள் பெயரில் ஒரு நிதி நிறுவனம் கடன் எழுதுகிறது என்று பொருள். படிப்பை நிறுத்தினாலும் தவணை நிற்காது. வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போகும். தவறினால் சிபில் மதிப்பெண் கெடும். பிறகு வீட்டுக்கடனுக்குப் போகும்போது அது தடையாக வரும்.

அரசு வேலையை மனத்தில் வைத்திருக்கிறவர்கள் பயிற்று மொழியைக் கவனிக்க வேண்டும். தமிழக அரசுப் பணிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கான 20 விழுக்காடு முன்னுரிமை, பள்ளி முதல் அந்தப் பதவிக்குக் கேட்கும் கல்வித் தகுதி வரை தமிழ் வழியில் படித்தவருக்குத்தான். பள்ளி முழுதும் தமிழில் படித்துவிட்டுப் பட்டத்தை மட்டும் ஆங்கில வழி ஆன்லைனில் எடுத்தால், பட்டப்படிப்புத் தகுதிப் பணிகளில் அந்த முன்னுரிமை போய்விடும். பெரும்பாலான ஆன்லைன் வணிகப் படிப்புகள் ஆங்கில வழிதான்.

இன்னொன்று, பி.பி.ஏ. முடித்தால் கணக்கு எழுதும் வேலை தானாகக் கிடைக்கும் என்று பெற்றோர் நினைக்கிறார்கள். கடைக்காரர் கேட்பது கணக்கு மென்பொருளான டாலி தெரியுமா, மாதம் 11-ஆம் தேதிக்குள் விற்பனை விவரம் காட்டும் ஜி.எஸ்.டி.ஆர்.-1 படிவமும், 20-ஆம் தேதிக்குள் வரி கட்டும் ஜி.எஸ்.டி.ஆர்.-3பி படிவமும் போடத் தெரியுமா என்பதைத்தான். பட்டப் பாடம் அதன் கோட்பாட்டைச் சொல்லும், விரலைப் பழக்காது. அதைத் தனியாக ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் உட்கார்ந்துதான் கற்க வேண்டும்.

இவ்வளவும் தனக்கு ஒத்துவருமா என்று தெரியாதவர்கள் பட்டத்தில் நேரே குதிக்க வேண்டாம். ஐ.ஐ.டி.க்கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். என்ற இணையவழிப் பாடத் தளத்தில் மேலாண்மைப் பாடங்கள் ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்குகின்றன. படிப்பது இலவசம், தேர்வுக்கு மட்டும் 1,000 ரூபாய். 12 வாரப் பாடத்தில் வாரம் ஓர் அசைன்மென்ட். அவற்றில் சிறந்த எட்டின் சராசரிக்கு 25, மையத்தில் நேரில் எழுதும் தேர்வுக்கு 75. சான்றிதழுக்கு அசைன்மென்டில் 10-ம், தேர்வில் 30-ம் வேண்டும். பன்னிரண்டு வாரம் ஒன்றையும் தவற விடாமல் அசைன்மென்ட் அனுப்ப முடிந்தவரால் பட்டப் படிப்பையும் தாங்க முடியும் என்பது என் உறுதியான எண்ணம். நான்காம் வாரத்திலேயே விட்டுவிட்டால், எம்.பி.ஏ.வுக்குக் கடன் வாங்காமல் தப்பினோம் என்று வைத்துக்கொள்ளலாம்.

நிறைவாக இரண்டு கோரிக்கைகள். மாவட்ட மைய நூலகத்திலும் வட்டார அளவிலான கிளை நூலகங்களிலும் தேர்வுக் காலத்தில் கதவடைத்து உட்கார ஓர் அறை, இன்வெர்ட்டர், கம்பி வழி இணைய இணைப்பு ஆகியவற்றை முன்பதிவு முறையில் கொடுக்க மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும். தங்கள் நாளிதழில் ஆன்லைன் பட்ட விளம்பரம் வெளியிடும்போது, எந்தப் படிப்புக்கு, எந்தக் கல்வியாண்டுக்கு யு.ஜி.சி. அனுமதி இருக்கிறது என்ற வரியை விளம்பரத்திலேயே அச்சிடும்படி விளம்பரதாரரைக் கேட்டு வாங்குங்கள்.

இப்படிக்கு,
வணிகவியல் ஆசிரியர் ஒருவர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.