பூனைத் தின்பண்டம் என்று விதை விற்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். பூசணி விதை, சூரியகாந்தி விதை, ஆளி விதை ஆகியவற்றை வறுத்துக் கலந்து, பூனைப் படம் போட்ட பொட்டலத்தில் அடைத்து விற்றுவரும் நிறுவனத்தார் அனைவருக்குமாக இதை எழுதுகிறேன். உள்ளே என்னென்ன சேர்ந்திருக்கின்றன, ஒரு பூனைக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பவற்றைப் பொட்டலத்தின்மீதே தெளிவாக அச்சிடுங்கள் என்பதே என் கோரிக்கை.

பூனைக்கு விதையே ஆகாது என்று வாதாட நான் வரவில்லை. உப்பும் மசாலாவும் சேராத, தோல் நீக்கிய பூசணி விதையை வெறுமனே வறுத்துப் பொடித்து, எப்போதாவது அரைத் தேக்கரண்டி உணவின்மேல் தூவினால், உடல்நலத்தோடு இருக்கும் பூனைக்குப் பெரும்பாலும் கெடுதல் இல்லை. ஆனால் பூனை ஊனுண்ணி. அதற்கு இன்றியமையாத டாரின் என்னும் அமினோ அமிலம் விதைகளிலிருந்து கிடைக்காது. ஆளி விதையின் ஒமேகா-3 கொழுப்பைத் தனக்கு உதவும் வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளும் திறனும் அதன் உடலுக்கு மிகக் குறைவு. ஆகவே விதை அதற்கு நொறுக்குத்தீனிதானே தவிர, தங்கள் அட்டையில் கொட்டை எழுத்தில் உள்ளதுபோல் ‘முழுமையான ஊட்டம்’ அன்று.

‘நாள்தோறும் ஒரு கைப்பிடி’ என்று அதே அட்டையில் போட்டிருந்தபடியே என் தாயார் எங்கள் பூனைக்குக் கொடுத்தார். மீன் வாசனை ஏற்றியிருந்ததால் அதுவும் மிச்சமின்றித் தின்றுவிட்டு, இரவு முழுவதும் வாந்தி எடுத்தது. விதைகள் பெரும்பாலும் மெல்லப்படாமல் முழுசாகவே வெளியே வந்தன. அரைத்துத் தின்பதற்கான கடைவாய்ப் பற்கள் பூனைக்கு இல்லை என்பது இதைத் தயாரிப்பவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, இதில் பூண்டுப் பொடியோ வெங்காயப் பொடியோ இருக்கிறதா என்பதுதான். அவை பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். ஈறு வெளுப்பதும் சிறுநீர் கறுப்பதும் சில நாள் கழித்தே தெரியவரும். கைப்பேசி வெளிச்சத்தில் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். ‘சுவையூட்டிகள்’ என்ற ஒரே சொல்தான் இருந்தது. அதில் கொடுத்திருந்த வாடிக்கையாளர் எண்ணை யாரும் எடுக்கவில்லை. இரண்டு சொல்லில் முடிந்திருக்க வேண்டிய பதிலுக்காக அந்தப் பூனையின் காலில் மீண்டும் மீண்டும் ஊசி குத்தி இரத்தம் எடுக்க வேண்டியதாயிற்று.

அந்தக் கைப்பிடிக் கணக்கையும் பாருங்கள். சுமார் 30 கிராம் விதையில் ஏறத்தாழ 170 கலோரி உண்டு. வீட்டுக்குள்ளேயே வளரும் 4 கிலோ எடையுள்ள பூனைக்கு ஒரு நாள் முழுவதற்கும் தேவைப்படுவதே 200 முதல் 250 கலோரிதான். அதில் தின்பண்டத்தின் பங்கு பத்தில் ஒன்றைத் தாண்டக் கூடாது என்பது கால்நடை மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்லும் அளவு. கைப்பிடி என்று எழுதியவர் எந்த விலங்கை மனத்தில் வைத்திருந்தார் என்று அறிய ஆவலாக உள்ளேன்.

‘நூறு விழுக்காடு இயற்கை’ என்றும் பெருமையோடு அச்சிட்டிருக்கிறீர்கள். ஆமணக்கு விதையும் குன்றிமணியும் அரளி விதையும்கூட நூறு விழுக்காடு இயற்கையே. பூசணி விதை குடற்புழுவை நீக்கும் என்ற வரியோ அதைவிடத் துணிச்சலானது. அதை நம்பிப் பூச்சி மருந்தைத் தள்ளிப்போடுகிறவர்களுக்கு யார் பொறுப்பு? இதே விதையை மனிதருக்கு விற்றால் சேர்மானப் பட்டியல் கட்டாயம். 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம் விலங்குத் தீவனத்தை ‘உணவு’ என்னும் வரையறைக்கு வெளியே வைத்திருப்பது தங்களுக்கு வசதியாக இருக்கலாம். சட்டம் கேட்காவிட்டாலும் வாங்குகிறவர்கள் கேட்கிறோம்.

கோபத்தில் சற்று நீண்டுவிட்டது, பொறுத்தருள வேண்டும். அடுத்த முறை அட்டை அச்சிடும்போது உப்பு, பூண்டு, வெங்காயம் உள்ளிட்ட சேர்மானங்கள் அனைத்தையும், பூனையின் எடைக்கேற்ற அளவையும், பொடித்தே கொடுக்க வேண்டும் என்ற குறிப்பையும், சிறுநீரகக் கோளாறு உள்ள பூனைக்கு மருத்துவரைக் கேளாமல் கொடுக்கக் கூடாது என்ற எச்சரிக்கையையும் கண்ணுக்குத் தெரியும் எழுத்தில், தமிழிலும் சேர்க்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன். வாடிக்கையாளர் எண்ணை இரவிலும் எடுப்பதற்கு ஓர் ஆளை அமர்த்தினால் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
பூனை வளர்க்கும் ஒரு வாடிக்கையாளர்