பென்சில் ஐயாவின் வரைவுகள் வேண்டும்

மாப்ளே,

இங்கே எல்லாரும் நலம். ஆறு மாதமாகக் கடிதம் இல்லை என்று திட்டப்போகிறாய். இதை முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு.

எனக்குக் கண்காணிப்பாளர் பதவி உயர்வு வந்துவிட்டது. இனிப்பு, நீ நேரில் வந்தால்தான்.

என் பிரிவுக்குக் குரூப் 4 எழுதி ஒரு பெண் வந்திருக்கிறாள். பவானிசாகரில் அரசு ஊழியர் பயிற்சி முடித்து வந்த வேகம். அணை மீன் வறுவல் இன்னும் அதே ருசியாம், உன் ஆறு துண்டுதான் ஞாபகம் வந்தது. இறந்துபோன அலுவலக உதவியாளர் ஒருவரின் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியக் கருத்துரு அவள் மேசையில் இருந்தது. பணிப்பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டியிருக்கிறாள். 1998-ல் நான்கு மாதத்துக்குப் பணி சரிபார்ப்புப் பதிவே இல்லை. அப்போது அவர் வேலை பார்த்த அலுவலகத்தில் சான்று கேட்கலாம் என்று இரண்டு பக்கம் குறிப்பு எழுதிவிட்டாள்.

பக்கத்து இருக்கைக்காரர் பார்த்துவிட்டு, "எதுக்கும்மா இதெல்லாம்? பழைய கோப்பைப் பார்த்து எழுது. புதுசா எழுதினா 17பி குற்றச்சாட்டுக் குறிப்பாணைதான் வரும்" என்றிருக்கிறார். மறுநாள் என்னிடம் வந்தது ஒரே வரி: 'கருத்துரு தக்க நடவடிக்கைக்காக அனுப்பப்படுகிறது.' அந்த இரண்டு பக்கமும் கோப்பின் கடைசியில் மடித்துச் செருகிக் கிடந்தது. அப்படியே அனுப்பியிருந்தால் மாநிலக் கணக்காயர் அலுவலகத்திலிருந்து திரும்பி வந்திருக்கும். அந்த அம்மா இன்னும் எத்தனை மாதம் நடப்பார்?

பக்கத்து இருக்கைக்காரர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை மாப்ளே. நல்லது நினைத்து எழுதிய ஒரு கோப்புக்காக அவருக்கே ஒரு காலத்தில் குறிப்பாணை வந்து, பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் தள்ளிப்போனது. எழுதியவனுக்குத் தண்டனை, எழுதாதவனுக்கு ஒன்றுமில்லை என்றால் யார் எழுதுவார்கள்? பவானிசாகரில் சொல்லிக்கொடுத்தது அந்த இருக்கையில் ஒரே நாளில் அழிந்துவிட்டது. இன்னும் ஆறு மாதம் போனால் அவள் பதிவேட்டைத் திறக்கவே மாட்டாள்.

உங்கள் மத்திய அரசில் 2020-ல் ஊழியர் பயிற்சிக்கென்று மிஷன் கர்மயோகி திட்டம் கொண்டுவந்தார்கள். அதன் ஐகாட் இணையதளத்தில் வரிசையாகச் சான்றிதழ் வாங்குகிறாய். சரி, படித்ததை உன் கோப்பில் எழுதினால் உன் அதிகாரி படிக்கிறாரா? உண்மையைச் சொல்.

நாம் வேலை படித்தது நம் பழைய அதிகாரி பென்சில் ஐயாவிடம். வரைவை அடித்துத் தூக்கிப் போடமாட்டார். ஓரத்தில் 'ஏன்?' என்று சின்னதாக எழுதித் திருப்பித் தருவார். பதிலோடு போனால்தான் கையெழுத்து. மேலிடம் கேட்டால் "நான் சொல்லித்தான் எழுதினான்" என்பார். அந்த ஒரு வார்த்தைக்காகவே எவ்வளவு எழுதினோம்!

அவளைக் கூப்பிட்டு, மடித்து வைத்த குறிப்பை எடுக்கச் சொன்னேன். அதிலேயே கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பினேன். இப்போது தினமும் நாலு மணிக்கு ஒரு கோப்பை எடுத்து இரண்டு பேரும் உட்காருகிறோம். நேற்று பக்கத்து இருக்கைக்காரரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்தார்.

அப்புறம், ஐயா திருத்திய உன் வரைவுகள் அந்தத் தகரப் பெட்டியில்தானே இருக்கின்றன? பென்சில் எழுத்து தெரிகிற மாதிரி ஜெராக்ஸ் எடுத்து இந்த வாரமே அனுப்பு.

உன் மச்சான்