ஆண்டறிக்கை: புதிய தொழில்களுக்கு அரசு செய்யக்கூடியது

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பொதுக்குழுவுக்குத் திரளாக வந்திருக்கும் தொழில்முனைவோரே, அனைவருக்கும் வணக்கம்.

நம் சங்கத்தின் ஆண்டறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன். செயற்குழு மாதந்தோறும் தவறாமல் கூடியது. புதிதாகச் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் தொழில் தொடங்கி ஐந்தாண்டுகூட ஆகாதவர்கள். இது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது. வரவு செலவைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். இந்த ஆண்டு நம் உழைப்பைப் பெரிதும் எடுத்துக்கொண்டது அரசுக்கு நாம் அனுப்பிய கோரிக்கை மனு. ஆகவே அறிக்கையின் பெரும்பகுதியும் அதைப் பற்றியதே.

வேலைவாய்ப்பு பெருக அரசு தொழில்முனைவோருக்கு என்ன செய்ய வேண்டும் என்று ஆராய்ந்து மனு தயாரிக்கும்படி சென்ற பொதுக்குழு தீர்மானித்தது. அதற்கென அமைத்த துணைக்குழுவின் முதல் கூட்டத்தில் மானியம், வட்டிச் சலுகை, வரி விலக்கு, மலிவு விலையில் இடம் என்று பட்டியல் நீண்டது. இவற்றில் எது உண்மையிலேயே ஆட்களுக்கு வேலை தந்தது, எந்த நாட்டில், எப்படி என்று பார்த்துவிட்டுக் கேட்கலாமே என்று ஒரு மூத்த உறுப்பினர் சொன்னார். அதை ஏற்றுப் பல மாதங்கள் படித்தோம். படித்து முடித்தபோது பட்டியலின் வரிசை மாறியிருந்தது. கடைசியில் யாரோ போகிறபோக்கில் சேர்த்திருந்த "பில் பணம் நேரத்துக்கு வர வேண்டும்" என்ற வரி முதலிடத்துக்கு வந்தது.

சிறிய நிறுவனமா, புதிய நிறுவனமா?

சிறு தொழில்கள்தான் வேலை தருகின்றன என்று மேடைதோறும் கேட்கிறோம். இந்தக் கருத்துக்கு வலுவான தொடக்கம் தந்தவர் டேவிட் பர்ச் என்ற அமெரிக்க ஆய்வாளர். அவருடைய ஆய்வு 1979-ல் வந்தது. பல ஆண்டுகள் கழித்து, 2013-ல், ஹால்டிவாங்கர், ஜார்மின், மிராண்டா ஆகிய மூவரும் அமெரிக்க நிறுவனங்களின் பதிவேடுகளை வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். நிறுவனத்தின் வயதைக் கணக்கில் எடுத்தவுடன், சிறியதாக இருப்பதற்கும் வேகமாக வளர்வதற்கும் இருந்த தொடர்பு மறைந்துவிட்டது. வேலைகளைப் பெருக்கியது நிறுவனத்தின் இளமை. சிறு நிறுவனங்கள் அந்தப் பெயரை வாங்கியதற்குக் காரணம், புதிய நிறுவனங்கள் பெரும்பாலும் சிறியவையாகவே தொடங்குகின்றன என்பதுதான்.

இது நம்மில் பலருக்கு உவப்பான செய்தியல்ல. நம் சங்கத்தில் இருபது, முப்பது ஆண்டுகளாகத் தொழில் நடத்துபவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் துணைக்குழுவில் கடுமையாக வாதாடினார்கள். அவர்கள் நாணயமாக ஊதியம் தருவதையும் நெருக்கடியில் ஆட்களைக் கைவிடாமல் இருந்ததையும் யாரும் மறுக்கவில்லை. ஆனால் சிறியதாகவே இருப்பதற்குச் சலுகை கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்குச் சான்றுகள் இருக்கின்றன.

இந்தியாவில் 1967-ல் 47 பொருள்கள் சிறுதொழிலுக்கென்றே ஒதுக்கப்பட்டன. பிறகு அந்தப் பட்டியல் 800-ஐத் தாண்டியது. அதில் உள்ள பொருளைச் செய்பவர் முதலீட்டு வரம்பைத் தாண்டி இயந்திரம் வாங்கினால் சிக்கல். அதனால் வாங்காமல் இருந்தார்கள். 1990-களின் பிற்பகுதியிலிருந்து படிப்படியாக ஒதுக்கீடு நீக்கப்பட்டு, மிஞ்சியிருந்த 20 பொருள்களும் 2015-ல் விடுவிக்கப்பட்டன. லெஸ்லி மார்ட்டின், சாந்தி நடராஜ், ஆன் ஹாரிசன் ஆகியோர் இதை ஆராய்ந்தார்கள். ஒதுக்கீடு நீங்கிய பொருள்கள் அதிகம் தயாரான மாவட்டங்களில் வேலைவாய்ப்பு கூடுதலாக வளர்ந்திருந்தது. சிறு தொழிலைக் காப்பதற்கென்று போட்ட வேலி, வளரக்கூடிய சிறு தொழிலையும் சேர்த்தே கட்டிப்போட்டிருந்தது. பிரான்சில் 50-வது தொழிலாளி சேர்ந்தவுடன் பல சட்டக் கடமைகள் ஒன்றாக வந்து சேரும். அதனால் 49 பேரோடு நின்றுவிடும் நிறுவனங்கள் அங்கே ஏராளம். 2019-ல் அந்த நாடு விதியைத் தளர்த்தியது. தொடர்ந்து ஐந்தாண்டுகள் வரம்புக்கு மேல் இருந்தால்தான் கடமைகள் தொடங்கும். இந்தியாவிலும், குறு, சிறு, நடுத்தரம் என்ற வரிசையில் மேல் வகைக்கு உயர்ந்துவிட்ட நிறுவனம் வரி அல்லாத சலுகைகளை மூன்றாண்டுகள் வைத்துக்கொள்ளலாம் என்று 2022-ல் அறிவிக்கப்பட்டது. வளர்ந்ததற்காக யாரும் தண்டிக்கப்படக் கூடாது என்ற எண்ணம் இரண்டிலும் இருக்கிறது. நாங்கள் இதை மனதார வரவேற்றோம்.

பில் பணம்

இளம் நிறுவனங்களே வேலை தருகின்றன என்றால், அவற்றைச் சாகடிப்பது எது என்று அடுத்துக் கேட்க வேண்டும். அமெரிக்காவில் தொடங்கும் நிறுவனங்களில் ஏறக்குறைய பாதி ஐந்தாண்டுகளுக்குள் மூடிவிடுகின்றன. சரக்கு விற்காமல் மூடுபவை உண்டு. அவற்றை அரசு தாங்கிப்பிடிக்க வேண்டியதில்லை. சரக்கு விற்று, பில் போட்டு, பணம் வராமல் மூடுபவற்றைப் பற்றித்தான் எங்கள் கவலை.

துணைக்குழுவின் முன் ஓர் இளம் உறுப்பினர் தன் கோப்பைக் கொண்டுவந்து பிரித்து வைத்தார். உதிரிபாகம் செய்யும் சிறு பட்டறை அவருடையது. ஓர் அரசு அலுவலகத்துக்குச் சரக்கு அனுப்பியிருக்கிறார். சரக்கு பெற்ற ரசீது இருக்கிறது. தர ஆய்வுச் சான்று இருக்கிறது. பில் முதல் முறை திரும்பி வந்தது, ஆர்டர் எண்ணில் ஒரு சாய்கோடு விடுபட்டது என்பதற்காக. திருத்திக் கொடுத்தார். அடுத்து, கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரி மாற்றலாகிப் போனார். புதியவர் பொறுப்பேற்றபோது நிதியாண்டு முடிந்துவிட்டது. புதிய ஒதுக்கீடு வரட்டும் என்றார்கள். பக்கம் பக்கமாக எல்லோருடைய முத்திரையும் இருந்த அந்தக் கோப்பில், காசோலை மட்டும் இல்லை. இதற்கிடையில் அவர் சம்பளம் போட ஓவர்டிராஃப்டை முழுவதும் எடுத்தார், பிறகு கைமாற்று வாங்கினார், பிறகு தானே பயிற்சி கொடுத்துத் தேர்ச்சி பெறவைத்த இரண்டு பேரை வேலையிலிருந்து நிறுத்தினார். பணம் பின்னர் முழுமையாக வந்தது. போன ஆட்கள் திரும்பி வரவில்லை. இந்த உறுப்பினருக்கு எந்த மானியமும் தேவைப்படவில்லை என்பதை இந்த அவை மனத்தில் கொள்ள வேண்டுகிறேன்.

இதற்கு என்ன செய்யலாம் என்பதில் பல நாடுகளின் அனுபவம் கையில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011-ஆம் ஆண்டு ஆணைப்படி அரசு அமைப்புகள் பொதுவாக 30 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் வட்டி. அதே 2011-ல் அமெரிக்க மத்திய அரசு, தன்னிடம் ஒப்பந்தம் பெற்ற சிறு நிறுவனங்களுக்கான கெடுவை 30 நாளிலிருந்து 15 நாளாகக் குறைத்தது. பாரோ, நந்தா என்ற இரு ஆய்வாளர்கள் இதன் விளைவைக் கணக்கிட்டார்கள். முன்கூட்டிக் கைக்கு வந்த ஒவ்வொரு டாலருக்கும் அந்த நிறுவனங்களின் சம்பளச் செலவு ஏறத்தாழ 10 சென்ட் கூடியிருந்தது. ஆள் கிடைப்பது கடினமாக இருந்த பகுதிகளில் நிகர பலன் குறைவு, வேலையில்லாதவர்கள் அதிகம் இருந்த பகுதிகளில் அதிகம். அரசு ஒரு சென்ட்கூடக் கூடுதலாகக் கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டியதைப் பதினைந்து நாள் முன்னதாகக் கொடுத்தது, அவ்வளவுதான். நாங்கள் படித்ததிலேயே எங்களை மிகவும் உலுக்கியது இந்த ஆய்வு.

இந்தியாவில் சட்டம் 2006 முதலே இருக்கிறது. குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டியைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டியாக. எழுத்தில் இதைவிடக் கடுமையான சட்டம் அரிது. ஆனால் புகார் கொடுக்க வேண்டியவர் சரக்குக் கொடுத்தவர். புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர் வராது என்று அவருக்குத் தெரியும். சட்டத்தின் பலவீனம் முழுவதும் இந்த ஓர் இடத்தில்தான். அதனால்தான் 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வருமான வரித் திருத்தத்தை நாங்கள் முக்கியமாகக் கருதுகிறோம். குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டியதைக் கெடுவுக்குள் தராத நிறுவனம், அதை உண்மையில் கொடுக்கும் ஆண்டில்தான் வரிக்குரிய வருமானத்திலிருந்து செலவாகக் கழிக்க முடியும். யாரும் யார் மீதும் புகார் கொடுக்க வேண்டியதில்லை. பணத்தை வைத்திருப்பவரின் வரிக் கணக்கே அவரை நெருக்குகிறது. இந்த ஏற்பாட்டைத் தவிர்ப்பதற்காகப் பெரிய நிறுவனங்கள் சிறியவர்களை விட்டுவிட்டு வேறிடத்தில் வாங்கக்கூடும் என்ற அச்சமும் நம் உறுப்பினர்களிடையே உண்டு. அது புறக்கணிக்கத்தக்க அச்சமல்ல. தொடர்ந்து கவனிக்க வேண்டும்.

டிரெட்ஸ் என்ற ஏற்பாடும் நல்லதே. வாங்குபவர் ஒப்புக்கொண்ட பில்லை மின்தளத்தில் ஏலம் விட்டு வங்கிகளிடமிருந்து உடனே பணம் பெறலாம்; வாங்கியவர் பிறகு பணம் கட்டத் தவறினாலும் வங்கி நம்மிடம் திரும்பி வராது. இந்தியாவில் இத்தளங்கள் 2017 முதல் இயங்குகின்றன. ஆனால் பில்லை வாங்குபவர் ஒப்புக்கொண்ட பிறகுதான் இதெல்லாம் தொடங்கும். மேலே சொன்ன உறுப்பினரின் பில் அந்தப் படியிலேயே நின்றுவிட்டது. ஆகவே, சரக்கு பெற்ற இத்தனை நாளுக்குள் மறுப்பு சொல்லாவிட்டால் பில் ஒப்புக்கொள்ளப்பட்டதாகவே கொள்ள வேண்டும், அந்தக் கெடுவை மின்தளத்திலேயே தானாக இயங்கும்படி அமைக்க வேண்டும் என்பது நம் மனுவின் முதல் கோரிக்கை.

பதிவு, முதலீடு, பயிற்சி

பதிவு எளிதாக வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. 1980-களின் தொடக்கத்தில் பெரு நாட்டில் எர்னான்டோ டி சோட்டோ என்ற பொருளாதார அறிஞரின் குழுவினர் ஒரு சிறு தையலகத்தைச் சட்டப்படி பதிவு செய்து பார்த்தார்கள். 289 நாள் பிடித்தது. போர்ச்சுகல் 2005-ல் ஒரே அலுவலகத்தில், ஒரு மணி நேர அளவில் நிறுவனம் தொடங்கும் வசதியைக் கொண்டுவந்தது. நிறுவனங்கள் பெருகின. ஆனால் புதிதாக வந்தவற்றில் பல சிறியவை, உற்பத்தித்திறன் குறைந்தவை, நீடிக்காதவை என்று பிற்பாடு ஆய்வுகள் கண்டன. கதவைத் திறப்பது அவசியம். அதோடு கடமை முடிந்தது என்று அரசு எண்ணிவிடக் கூடாது.

முதலீட்டில், அரசே நிறுவனங்களைத் தேர்ந்தெடுப்பதை விட்டுவிட்டு, தேர்ந்தெடுக்கத் தெரிந்தவர்களோடு சேர்ந்து பணம் போடும் வழியை இஸ்ரேல் 1993-ல் யோஸ்மா திட்டத்தில் காட்டியது. 10 கோடி டாலர் அரசுப் பணம், 10 நிதியங்கள், ஒவ்வொன்றிலும் அரசின் பங்கு சுமார் 40 சதவீதம். தனியார் பங்காளிகள் ஐந்தாண்டுகளுக்குள் அரசின் பங்கை முன்பே முடிவான விலையில் வாங்கிக்கொள்ளலாம். நஷ்டத்தை அரசு ஈடுகட்டும் என்ற உறுதி இல்லை. லாபம் வந்தால் கூடுதல் பங்கு உண்டு. அதனால் கவனமாகப் பணம் போட்டார்கள். வேறு வகையிலும் பலன் கண்டவர்கள் உண்டு. நைஜீரியாவில் 2011-ல் தொடங்கிய யூவின் என்ற தொழில்திட்டப் போட்டியின் முதல் சுற்றில் ஏறத்தாழ 24,000 பேர் விண்ணப்பித்து 1,200 பேர் வென்றார்கள். சராசரியாக ஒவ்வொருவருக்கும் சுமார் 50,000 டாலர். இறுதிக்கட்டத்தில் பலர் குலுக்கல் முறையில் தேர்வானதால், கிடைத்தவரையும் கிடைக்காதவரையும் நேர்மையாக ஒப்பிட முடிந்தது. மூன்றாண்டு கழித்துப் பணம் பெற்றவர்களின் நிறுவனங்கள் பத்துப் பேருக்கு மேல் வேலை தரும் நிலைக்கு வளர்ந்திருக்கும் வாய்ப்பு கணிசமாகக் கூடியிருந்தது. மானியமே கூடாது என்று துணைக்குழுவில் சொன்னவர்கள் இதைப் படித்த பிறகு நிலையை மாற்றிக்கொண்டார்கள். எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுப்பதைவிட, வெளிப்படையான போட்டியில் வென்ற இளம் நிறுவனங்களுக்குப் போதுமான அளவு கொடுக்கும்படி மனுவில் கேட்டிருக்கிறோம்.

பயிற்சி பற்றி ஒன்றே ஒன்று. டோகோவில் 1,500 குறு தொழில்முனைவோரிடம் நடந்த ஆய்வில், வழக்கமான கணக்கு, சந்தைப் பாடம் படித்தவர்களின் லாபத்தில் உறுதியாகச் சொல்லத்தக்க மாற்றம் தெரியவில்லை. தானே முன்வந்து செயல்படும் மனப்பாங்கைப் பழக்கிய வகுப்பில் இருந்தவர்களின் லாபம் 30 சதவீதம் கூடியது. நம் சங்கத்தின் பயிற்சி வகுப்புகளையும் இந்த வழியில் மாற்றியமைக்கச் செயற்குழு முடிவு செய்திருக்கிறது.

தோற்றால்?

பிரான்ஸ் 2002-ல் ஒரு மாற்றம் செய்தது. வேலையிழந்தவர் தொழில் தொடங்கி, அது சரிவராமல் போனால், வேலையின்மை உதவித்தொகைக்கான உரிமை அவருக்கு அப்படியே இருக்கும். நிறுவனங்கள் தொடங்குவது சுமார் 25 சதவீதம் கூடியது. வந்தவை தரம் குறைந்தவையாகவும் இல்லை. பலரைத் தடுத்து வைத்திருந்தது திறமைக் குறைவல்ல, குடும்பத்தை நடுத்தெருவில் நிறுத்திவிடுவோமோ என்ற பயம். கடனில் மூழ்கிய நேர்மையான தொழில்முனைவோர் விரைவாகக் கணக்கை முடித்து மறுபடி தொடங்க வழி வேண்டும் என்று மனுவில் ஒரு பகுதி சேர்த்தோம். அதை எழுதியவர், ஒருமுறை தொழிலை மூடி மீண்டும் எழுந்த நம் உறுப்பினர் ஒருவர். அவருக்குச் சங்கத்தின் சார்பில் என் தனிப்பட்ட நன்றி.

மனு உரிய துறைக்கு அனுப்பப்பட்டது. பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை வந்துள்ளது. அதிகாரிகளுடன் ஒரு சந்திப்பும் நடந்தது. பில் ஒப்புதல் கெடு பற்றிய கோரிக்கையைக் குறிப்பெடுத்துக்கொண்டார்கள், உறுதி எதுவும் தரவில்லை. வரும் ஆண்டில் உறுப்பினர்களுக்கு வர வேண்டிய பாக்கிகளை, பெயர் வெளியிடாமல், பில் தேதி, ஒப்புதல் தேதி, பணம் வந்த தேதி என்று மூன்று நிரல்களில் திரட்டி அடுத்த சந்திப்புக்கு எடுத்துச் செல்ல உத்தேசம். இதற்கான படிவம் வாசலில் உள்ள மேசையில் இருக்கிறது. கிளம்பும் முன் நிரப்பிக் கொடுத்துச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

துணைக்குழுவினருக்கும், கோப்புகளைத் தயங்காமல் காட்டிய உறுப்பினர்களுக்கும், கூட்டங்களுக்கு இடம் தந்தவர்களுக்கும் நன்றி கூறி, இவ்வறிக்கையை ஏற்று ஒப்புதல் அளிக்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்