செயலாளரின் ஆண்டறிக்கை, 2024-25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். நம் புகைப்பட மன்றத்தின் 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான ஆண்டறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன்.

ஆண்டுத் தொடக்கத்தில் பதிவேட்டில் இருந்தவர்கள் 63 பேர். புதிதாகச் சேர்ந்தவர்கள் 7 பேர், மாற்றலாகி வெளியூர் போனவர்கள் 4 பேர். செயற்குழு ஐந்து முறை கூடியது. இன்னும் இரண்டு கூட்டங்கள் கோரம் (கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச வருகை) இல்லாததால் தள்ளிவைக்கப்பட்டன.

வழக்கமான நிகழ்ச்சிகள்: ஆகஸ்ட் 19, உலகப் புகைப்பட நாளன்று ஒரு பள்ளியில் படக் காட்சி வைத்தோம். நவம்பரில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்துக்கு வேன் எடுத்துப் போய் வந்தோம். பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்கும் வெடி போடாத கொள்ளுகுடிப்பட்டி மக்கள் நம்மவர்களுக்கு மோர் கொடுத்து உபசரித்தார்கள். ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் ஒன்பது பேர் கலந்துகொண்டு இ-பேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் பட்டியல் ஏற்றினோம். பிப்ரவரியில் அரிட்டாபட்டி மலைக்குப் போனோம். 2022-ல் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. அந்தப் பகுதியில் வரவிருந்த டங்ஸ்டன் சுரங்கத்துக்கான ஏலம் ஜனவரி 23 அன்று ரத்தான பிறகு ஊரே மூச்சுவிட்டிருந்த நேரம். அங்கே வாழும் லகர் வல்லூறு என்ற வேட்டைப் பறவை அன்று கண்ணில் படவில்லை.

இனி ஞாயிறு நடை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. "செயலாளர் மன்றத்தையே ஒரு கம்மாக்கரையில் கட்டிப் போட்டுவிட்டார்" என்று ஒரு பேச்சு இந்த ஆண்டு முழுக்க என் காதுக்கு வந்துகொண்டே இருந்தது. நேரில் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அப்போதே சொல்லியிருப்பேன். பரவாயில்லை, இங்கே பதிவாகட்டும்.

சென்ற பொதுக்குழு ஒப்புதல் தந்த திட்டம் இதுதான்: ஒவ்வொரு ஞாயிறும் காலை ஐந்தரைக்கு மதுரை பக்கத்துச் சாமநத்தம் கண்மாய்க்கரையில் கூடுவது. ஒரு கேமரா, ஒரு லென்ஸ், அல்லது செல்போன். முக்காலி வேண்டாம், ஃபிளாஷ் வேண்டாம், முதுகுப் பை வேண்டாம். காலை ஒன்றுக்கு 36 படங்களுக்கு மேல் எடுப்பதில்லை. பழைய ஃபிலிம் ரோலில் இருந்த கணக்கு அது. எட்டு மணிக்கு டீ குடித்துவிட்டுக் கலைவது. 52 ஞாயிறுகளில் 47 முறை நடை நடந்தது. மூன்று முறை மழை, மற்ற இரண்டும் மேலே சொன்ன பயண நாட்கள். ஒரு நடைக்குச் சராசரியாக ஆறு பேர் வந்தார்கள். இரண்டு வாரம் நான் மட்டும்தான் போனேன். அந்த இரண்டையும் நோட்டில் நடையாகவே எழுதி வைத்திருக்கிறேன்.

ஐந்தரை மணி என்பதே கொடுமை என்று சிலர் சொன்னார்கள். நம் ஊரில் ஜூனில் ஆறு மணிக்குச் சற்று முன்பே சூரியன் எட்டிப் பார்த்துவிடுகிறது, ஜனவரியில் ஆறரை தாண்டுகிறது. கிழக்கே வெளுக்கத் தொடங்கியதிலிருந்து வெயில் ஏறும் வரை கிடைக்கும் ஒரு மணி நேர வெளிச்சம்தான் நமக்குச் சொத்து. நிழல் நீண்டு கிடக்கும், தண்ணீர் மேல் புகை போல ஆவி நிற்கும், பறவைகள் பசியோடு இறங்கியிருக்கும். ஏழரைக்கு வந்து இறங்குகிறவர் எத்தனை லட்சம் ரூபாய் லென்ஸ் வைத்திருந்தாலும் அதை வாங்க முடியாது. டிசம்பரில் ஒருநாள் நண்பர் ஒருவர் ஏசி போட்ட காரிலிருந்து நேராகக் கரையில் இறங்கினார். ஈரக் காற்று பட்டதும் குளிர்ந்திருந்த லென்ஸ் கண்ணாடி முழுக்கப் பனி படிந்துவிட்டது. துடைக்கத் துடைக்கத் திரும்பப் படிந்தது. அது தானாகத் தெளிவதற்குள் வானத்தின் சிவப்பு போய்விட்டது. அன்றைக்கு ஸ்கூட்டரில் சட்டைப் பையில் செல்போனைப் போட்டுக்கொண்டு வந்த நான்கு பேருக்கும் படம் கிடைத்தது.

ஒரே ஒரு காலையை மட்டும் முழுதாகச் சொல்கிறேன். மார்கழி, நல்ல பனி. எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண், நம் உறுப்பினர் ஒருவரின் மகள், அப்பாவின் பழைய செல்போனைக் கொண்டுவந்திருந்தாள். திரையில் குறுக்கே ஒரு விரிசல். மடைக்குப் பக்கத்தில் சம்புப் புல்லின் நுனியில் ஒரு தும்பி உட்கார்ந்திருந்தது. இறக்கை நான்கிலும் கண்ணிலும் முதுகிலும் பொடிப் பொடியாகப் பனித்துளி. உடம்பு சூடேறும் வரை தும்பியால் பறக்க முடியாது. அந்த நேரத்தில் மெதுவாகப் போனால் ஒரு சாண் தூரம் வரை நெருங்கலாம். அந்தப் பெண் முட்டி போட்டு, இரண்டு முழங்கையையும் விலாவோடு ஒட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்து எடுத்தாள். திரையைத் தொட்டு வெளிச்சத்தைச் சற்றுக் குறைக்கச் சொன்னேன், அது ஒன்றுதான் என் பங்கு. அப்புறம் வெயில் வந்தது. ஒரு பக்கத் துளிகள் முதலில் காய்ந்தன. தும்பி மெல்ல வெயில் பக்கம் திரும்பி உட்கார்ந்தது. கொஞ்ச நேரத்தில் இறக்கை ஒருமுறை துடித்தது, போய்விட்டது. அவள் எடுத்தது மொத்தம் ஏழு படம். அதில் ஐந்தாவது படத்தில், ஒவ்வொரு துளிக்குள்ளும் கண்மாயும் பனைமரமும் தலைகீழாகத் தெரிகின்றன. இந்த ஆண்டு நம் மன்றம் எடுத்த படங்களில் அதுதான் முதலிடம் என்பது என் கருத்து. தேர்வுக் குழு வேறு மாதிரி முடிவு செய்தது, அதை மதிக்கிறேன்.

குறைந்த கருவி என்பதை இல்லாதவர்களுக்கான சமாதானமாக யாரும் நினைக்க வேண்டாம். இயற்கை எழுத்தாளரும் புகைப்படக்காரருமான மா. கிருஷ்ணன் காட்டு யானைகளை எடுத்தது வெவ்வேறு கம்பெனி உறுப்புகளை ஒட்டிச் சேர்த்த கேமராவில், அதுவும் கறுப்பு வெள்ளையில். காடு காடாக நடந்தார், காத்திருந்தார், பார்த்ததை எழுதினார். 1996-ல் அவர் மறைந்தார், அந்தப் படங்களை இன்றும் பார்க்கிறோம். அவரோடு நம்மை ஒப்பிடவில்லை. நடப்பதும் காத்திருப்பதும் நமக்கும் முடியும் என்றுதான் சொல்கிறேன்.

ஆள்காட்டிப் பறவை விவகாரத்தையும் பதிவு செய்தாக வேண்டும். ஏப்ரல் இரண்டாம் வாரம் நாம் நடக்கும் பாதை ஓரத்தில், சரளைக் கற்களுக்கு நடுவே, சிவப்பு மூக்கு ஆள்காட்டி நான்கு முட்டை இட்டிருந்தது. கூடு என்று எதுவும் கிடையாது, வெறும் குழி. முட்டையின் புள்ளியும் சரளையும் ஒரே நிறம், மிதித்துவிட்டால்கூடத் தெரியாது. ஏறக்குறைய நான்கு வாரம் அடைகாக்கும் பறவை அது. எனவே ஐந்து ஞாயிறு அந்தப் பகுதியை விட்டுச் சுற்றிப் போவது என்று நான் முடிவு செய்தேன். செயற்குழுவைக் கேட்கவில்லை என்பது உண்மைதான். கேட்டுக் கூட்டம் போட நேரம் இல்லை. கூட்டம் போட்டாலும் கோரம் சேர்ந்திருக்குமா என்பதை உறுப்பினர்களே சொல்லட்டும். "கிட்டத்தில் எடுக்கக் கிடைத்த ஒரே வாய்ப்பையும் கெடுத்துவிட்டார்" என்று புகார் வந்தது. ஒரு உறுப்பினரோடு வந்த இரண்டு விருந்தினர்கள் செல்போனில் பறவையின் குரலைப் போட்டுக் காட்டித் தாயை எழுப்பப் பார்த்தார்கள். நான் சத்தம் போட்டேன். அதற்கு இப்போதும் வருத்தப்படவில்லை.

தூரத்திலிருந்து நாங்கள் பார்த்ததைச் சொல்கிறேன். தாய் தண்ணீருக்குப் போய் வயிற்றை நனைத்துக்கொண்டு ஓடிவந்து, ஈர வயிற்றோடு முட்டை மேல் உட்கார்ந்தது. சித்திரை வெயிலில் முட்டை வெந்துவிடாமல் இருக்க அது செய்யும் வேலை. தூரத்தை நெருக்கிக் காட்டாத என் 50 எம்எம் லென்ஸில் பறவை ஒரு புள்ளிதான். ஆனால் அந்தப் படத்தில் பாளம் பாளமாக வெடித்த கண்மாய் இருக்கிறது, எருமை இருக்கிறது, எருமைக்கும் முட்டைக்கும் நடுவே இறக்கையை விரித்து நிற்கும் அந்தப் புள்ளி இருக்கிறது. பெரிய லென்ஸில் பறவையின் கண் வந்திருக்கும், இது வந்திருக்காது. ஐந்தாவது ஞாயிறு குழி காலியாக இருந்தது. எழுபது, எண்பது அடி தள்ளி மூன்று குஞ்சுகளைப் பார்த்தோம்.

மாதத்தின் முதல் நடையில் மடைக் கல் மேல் நின்று, அதே லென்ஸில், அதே திசையில் ஒரு படம் எடுத்து வந்தேன். பன்னிரண்டும் இன்று இந்த அரங்கின் சுவரில் இருக்கின்றன, தயவுசெய்து பார்த்துவிட்டுப் போங்கள். ஜூலையில் ஆடு மேய்கிறது. நவம்பரில் அதே இடத்தில் தண்ணீர். ஜனவரியில் நத்தைகுத்தி நாரைகள் அலகிடுக்கில் நத்தையோடு நிற்கின்றன. மார்ச்சில் நீர் விலகிய சேற்றில் பிளாஸ்டிக் பைகளும் தெரிகின்றன. இதைத் தொடர்ந்து பத்து ஆண்டு செய்தால் இந்தக் கண்மாய்க்கு ஒரு சரித்திரம் நம் கையில் இருக்கும்.

வருகை பற்றி. ஒவ்வொரு சனிக்கிழமை இரவும் வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்புப் போடுகிறேன். கட்டைவிரல் காட்டுகிறவர்கள் இருபது பேருக்குக் குறைவதில்லை. அவர்களை நம்பி நான்கரைக்கே எழுந்து, கரையில் டார்ச்சைக் காட்டிக்கொண்டு ஆறு மணி வரை காத்திருந்த நாட்கள் உண்டு. டீக்கடை அம்மா பன்னிரண்டு டீக்குப் பால் காய்ச்சி வைத்து, இரண்டு டீ விற்ற நாளும் உண்டு. வர முடியாது என்று ஒரு வரி போட்டால் போதும்.

சந்தா ஆண்டுக்கு 600 ரூபாய், மாதத்துக்கு 50. இப்போதுள்ள 66 உறுப்பினர்களில் மார்ச் 31 வரை செலுத்தியவர்கள் 31 பேர். 11 பேரிடம் இரண்டு ஆண்டுப் பாக்கி நிற்கிறது. புது லென்ஸ் வாங்கிய மகிழ்ச்சியைக் குழுவில் பகிர்ந்த நண்பர்கள் சிலரும் இதில் இருப்பது எனக்கு மனவருத்தம். யார் பெயரையும் இங்கே வாசிக்கப் போவதில்லை. உண்மையிலேயே பண நெருக்கடி இருப்பவர்கள் என்னிடம் தனியாகச் சொல்லுங்கள், மன்றம் யாரையும் அதற்காக ஒதுக்காது. தும்பியை எடுத்த பெண் தன் உண்டியலிலிருந்து மாணவர் சந்தா 100 ரூபாயைச் சில்லறையாகக் கொண்டுவந்து கொடுத்தாள் என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

வரவு செலவு விவரத்தைப் பொருளாளர் வாசிப்பார். சுருக்கமாக, வரவுக்கும் செலவுக்கும் ஏறக்குறைய சரியாக இருக்கிறது, கையிருப்பு சென்ற ஆண்டைவிடக் கொஞ்சம் குறைவு. படக் காட்சிக்கான பிரிண்ட் செலவு எதிர்பார்த்ததைத் தாண்டியது. வேன் வகையில் சில ரசீதுகள் வரவேண்டியிருக்கின்றன. ஞாயிறு நடைக்கு மன்றப் பணம் ஒரு ரூபாயும் செலவாகவில்லை.

ஆலோசனை தந்த தலைவர் அவர்களுக்கும், கணக்கைப் பொறுமையாகப் பார்த்த பொருளாளருக்கும், இடம் தந்த அரங்க நிர்வாகத்துக்கும், கடனுக்குப் பிரிண்ட் போட்டுத் தந்த கடைக்காரருக்கும், விடியும் முன்பே அடுப்பு மூட்டும் டீக்கடை அம்மாவுக்கும் மன்றத்தின் சார்பில் நன்றி.

அடுத்த ஆண்டு பற்றி. மூன்று ஆண்டுகளாக இந்தப் பொறுப்பில் இருக்கிறேன். வேறு யாராவது முன்வந்தால் மனநிறைவோடு ஒப்படைத்துவிடுவேன். ஒரே ஒரு வேண்டுகோள்: ஞாயிறு நடை நோட்டையும் மாதப் படத்தையும் அவர் தொடர வேண்டும். யாரும் முன்வராவிட்டால் நானே இருக்கிறேன். ஆனால் 66 பேரில் பத்துப் பேராவது மாதம் ஒரு ஞாயிறு வருவதாக இன்று கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். தாள் வாசல் மேசையில் இருக்கிறது, பொருளாளரின் ரசீதுப் புத்தகமும் பக்கத்திலேயே இருக்கிறது. அடுத்த நடை வரும் ஞாயிறு காலை ஐந்தரைக்கு, மடைக்கல் அருகில். கரையில் முள் இருக்கிறது, செருப்பு வேண்டாம், ஷூ போட்டு வாருங்கள்.

இந்த அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்
மதுரை